கண் வீங்கிய ஆமைக்குஞ்சும் என் மாமியாரும்

இடது உள்ளங்கையில் ஆமைக்குஞ்சு. வலது கையில் உப்புநீரில் நனைத்த பஞ்சு. முற்றத்துக் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் வீங்கிய கண்ணை மெதுவாக ஒற்றிக்கொண்டிருந்தேன்.

முற்றத்து வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் தக்காளி மூட்டை. என் மாமியார் வெள்ளையம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஐந்தாறு வருஷமாகியும் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. அன்றுதான் முதல் தடவை. "வாங்க அத்தை" என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னதுலே அது?" என்று உள்ளே கட்டிலில் கிடந்த மகனைக் கேட்டார்.

"ஆமை ஆத்தா. குஞ்சு" என்றார் முருகேசன்.

அத்தை மூட்டையைக் கீழே வைத்தார். "அதான் காலு ஒடிஞ்சு கெடக்க. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?"

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழிதான். ஆனால் அதில் 'புகுந்த வீடு' என்ற இரண்டு வார்த்தைகள் ஒட்டிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவர் சொன்னது ஆமையை. என் காதில் விழுந்தது வேறு.

இரண்டு வீட்டுக்கும் ஆகாதவர்கள்

மழையில் மொபெட் சறுக்கி என் கணவர் முருகேசனுக்குக் கால் முறிந்ததையும், மாவுக்கட்டோடு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் போன வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

முருகேசனின் ஊர் வடமதுரைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். தக்காளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் சம்பங்கி என்று ஒரு கிணற்றை நம்பிய விவசாயம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தைதான் தனியாக நின்று தோட்டத்தையும் மகனையும் காப்பாற்றியவர்.

நான் திண்டுக்கல் டவுன்காரி. கத்தோலிக்கக் குடும்பம். ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். முருகேசன் அதே தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ரிப்போர்ட் நகல் எடுக்கப் போய்ப் போய்ப் பழகியது, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் ரிஜிஸ்தர் ஆபீசில் போய் முடிந்தது.

என் வீட்டில் ஒரு வருஷம் அழுதார்கள், பிறகு சரியாகிவிட்டார்கள். அத்தை அழவில்லை. சண்டையும் போடவில்லை. மகன் ஊருக்குப் போனால் சோறு போடுவார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். என் பெயரை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அந்தப் பிள்ளை" என்றுகூட இல்லை. நான் இல்லாத மாதிரியே நடந்துகொண்டார்.

திட்டினால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது?

திண்டுக்கல் பேகம்பூரில் பள்ளிவாசலை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் சின்ன முற்றம். நாங்கள் இரண்டு பேர். பிறகுதான் துட்டு வந்தது.

துட்டு

கால் முறிவதற்கு ஒரு மாதம் முன்னால் முருகேசன் ஏதோ வேலையாக மதுரை போனவர், மீன்தொட்டிக் கடை ஒன்றில் மயங்கி நின்றுவிட்டார். திரும்பி வரும்போது கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பை. அதற்குள் பச்சை நிறத்தில் ஒரு பொட்டு.

பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஓட்டில் யாரோ பேனாவால் கிறுக்கியது போல மஞ்சள் கோடுகள். காதிருக்கும் இடத்தில் செக்கச் செவேலென்று ஒரு கீற்று. "காசு கணக்கா இருக்குல்ல? துட்டுன்னு பேரு வைப்போம்" என்றார்.

ஒரு பிளாஸ்டிக் டப்பில் கல் போட்டு விட்டோம். கடைக்காரர் கொடுத்த பாக்கெட் தீனியைப் போட்டோம். அது தீர்ந்ததும் பொரி. தின்றது. லேபிலிருந்து நான் வந்து டப்பின் ஓரத்தைத் தட்டினால் நான்கு காலையும் அடித்துக்கொண்டு நீந்தி வரும். அந்தக் கால்களின் நுனியில் நகம் இருந்ததே, தலைமுடியைவிட மெல்லிசாக, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முருகேசன் விழுந்தபின் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அதைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் டப்பைத் தட்டினேன், வரவில்லை. தூக்கிப் பார்த்தால் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. பொரியை முகத்துக்கு முன்னால் நீட்டினாலும் அதற்குத் தெரியவில்லை.

அந்த நிலைமையில்தான் அத்தை வந்து சேர்ந்தார். மகன் எழுந்து நடக்கும்வரை இருக்கப்போகிறேன் என்று மகனிடம் சொன்னார். நான் அடுப்படியில் ஒரு எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

சுவரிடம் சொன்ன மாதிரி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அத்தைக்கு அது கைவந்த கலை.

"ஏலே, ரசத்துல புளி கூடிப்போச்சுன்னு சொல்லு."

"யாருகிட்ட ஆத்தா சொல்ல? அவ இங்கதான் நிக்கிறா."

"ஒன்கிட்ட சொன்னேன்."

இப்படித்தான் போகும் எங்கள் பேச்சுவார்த்தை. முருகேசன் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து ஓடவும் முடியாது.

ஆமை விஷயத்தில் அத்தை சொன்னது ஒன்றே ஒன்று: "நம்ம கிணத்துல கொண்டுபோய் விட்ரு." முருகேசன் பேச்சை விடவில்லை. "நம்ம கிணத்துலயே ஒரு ஆமை கெடக்குல்ல ஆத்தா? நீதான தண்ணி சுத்தமாகும்னு விட்ட?"

"கிணத்துல கெடக்கறது வேற. வீட்டுக்குள்ள நொழையிறது வேற."

அடுப்படியில் எனக்குக் கை நின்றுவிட்டது.

மாட்டு டாக்டர்

லேபுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பாவில் துட்டுவை வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேப்பமரத்தடியில் பசுக்கள், ஆடுகள், ஒரு ராஜபாளையம் நாய். டப்பாவோடு நின்றது நான் மட்டும்தான். "சாப்பாடு கொண்டாந்தீகளா?" என்று ஒருவர் கேட்டார்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். டப்பாவைத் திறந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நம்ம ஊர்க் குளத்து ஆமையாம்மா? அதையெல்லாம் வீட்டுல வைக்கக் கூடாது, தெரியுமா?" என்றவர், சிவப்புக் கீற்றைப் பார்த்துவிட்டு, "இல்ல, இது வெளிநாட்டு ஜாதி" என்றார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மாடு பாத்திருக்கேன், ஆடு பாத்திருக்கேன், ஒரு தடவ சர்க்கஸ் ஒட்டகம்கூட பாத்தேன். ஆமை இதுதான் மொதோ தடவ. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். சென்னையில கூடப் படிச்சவன் ஒருத்தன் இருக்கான். கேட்டு வைக்கிறேன், நாளைக்கு வாங்க."

மறுநாள் போனேன். கேட்டு வைத்திருந்தார்.

"கண்ணு நோவு இல்லம்மா இது. சத்து நோவு. வைட்டமின் ஏ பத்தல. பொரியும் பாக்கெட் தீனியுமாத் தின்னா மனுசனுக்கே கண்ணு போயிரும்" என்றார். "சிக்கல் என்னன்னா, கண்ணு தெரியலன்னா அது தீனி எடுக்காது. தீனி எடுக்கலன்னா கண்ணு தெறக்காது."

அவர் சொன்னவை: சத்து மருந்தை ஊசி முனையளவு, அதுவும் தினமும் கூடாது, கூடினால் அதுவே விஷம். கண்ணை உப்புநீரால் கழுவிக் களிம்பு போட வேண்டும். காலை வெயில், பக்கத்திலேயே நிழலும் இருக்க வேண்டும். ஆட்டு ஈரல் துணுக்கு. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், நல்ல தண்ணீர்.

மற்றதையெல்லாம் எப்படியாவது செய்துவிடலாம், கடைசியாகச் சொன்னதை எப்படிச் செய்வது?

நல்ல தண்ணீர்

அந்த நாளில் திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. காரணம் தண்ணீர்.

குழாயில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரம் தாண்டும், சில சமயம் அதற்கும் மேல். வந்த அன்று சந்து முழுக்கக் குடங்கள்தான். கட்டிலுக்கு அடியில் குடம், பீரோ பக்கத்தில் குடம். மற்றபடி போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது. வாளியின் உட்பக்கம் வெள்ளையாக உப்புப் படியும்.

அந்த ஊரில் ஆமைக்குத் தினமும் நல்ல தண்ணீர்!

முதல் நாள் ஒரு சொம்பு மொண்டு டப்பில் ஊற்றினேன். முருகேசனைப் பார்த்து அத்தை சொன்னார்: "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல ஆமைக்குக் குளிப்பாட்டு நடக்குது."

நியாயமான பேச்சுதான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெருக் குழாயடியில் வரிசையில் நிற்பது அவர்தான். நான் லேபில் இருக்கும்போது தண்ணீர் வந்தால், முழங்கால் வலியோடு குடம் குடமாகத் தூக்கி நிரப்பியவர் அவர். அதனால் என் பங்குத் தண்ணீரில் குறைத்துக்கொண்டேன்.

ஈரல் வாங்கக் கறிக்கடைக்குப் போனால், கடைக்கார பாய், "ஆமைக்கா? இம்புட்டுத் துண்டுக்கு என்னத்தம்மா எடை போட?" என்று சிரித்து, சும்மாவே கிள்ளிக் கொடுத்தார். அதைக் கடுகளவு கடுகளவாக நறுக்கி, இடுக்கியில் பிடித்துத் துட்டுவின் வாயருகே கொண்டுபோவேன். தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாயில் பட்டாலும் துப்பிவிடும். நாள் போகப் போக உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கையில் வைத்தால் காய்ந்த இலையை வைத்த மாதிரி இருந்தது.

ஒரு காலை பார்த்தால், தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. காலை அசைக்கவில்லை.

"ஏலே, அதுக்கு உசுரு இழுக்குது. இந்த வீட்டுக்குள்ள சாகவேணாம். கிணத்துக்குக் கொண்டு போயிருவோம்" என்றார் அத்தை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே நின்று பேசினேன்.

"கண்ணு தெரியாதத கிணத்துல போட்டா அன்னைக்கே செத்துரும் அத்தை. எங்கயோ கெடந்தத நாங்கதான் கூட்டியாந்தோம். வந்த எடத்துல அது என்ன கெடுதல் பண்ணுச்சு? சொல்லுங்க. ஒரு மூலையில கெடக்கு. யாரு சோத்துலயாவது மண்ணப் போட்டுச்சா?"

பேசி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். ஆமையைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார். நான் முகத்தைக் கழுவிவிட்டு லேபுக்குக் கிளம்பினேன்.

வத்தலுக்குக் காவல்

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். செத்துக் கிடக்கும் என்றுதான் நினைத்துப் போனேன்.

முற்றத்தில் அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் டப். ஈரத்துணி விரித்த கல்மேல் துட்டு கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. அதன் தலைமேல் நிழல் விழுகிற மாதிரி முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார். வெயில் நகர்ந்தால் முக்காலியையும் நகர்த்தினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "வத்தல் காயப் போட்டேன். காக்கா வருது" என்றார், பொதுவாக.

வத்தல் எதுவும் காயவில்லை. தக்காளிக் கூடைதான் ஓரத்தில் இருந்தது.

நான் டப் தண்ணீரை மாற்ற அடுப்படிக் குடத்தைத் தொட்டேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அதத் தொடாத! அது கொழம்புக்கு. ஆமைக்குன்னு தனியாக் குடம் வச்சிருக்கேன், கதவுக்குப் பின்னாடி. கண்ணு தெரியலயா?"

திரும்பிப் பார்த்தேன். முருகேசனும் கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்தார். அத்தை என்னைத்தான் திட்டினார். என்னையே பார்த்து, நேராக! இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பித்தளைக் குடம், மேலே துணி கட்டி வைத்திருந்தது. "தெரியுது அத்தை" என்றேன்.

சனிக்கிழமை ஈரல்

அதற்குப் பிறகு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். மருந்தும் களிம்பும் கண் கழுவுவதும் என்னுடையது. வெயிலும் நிழலும் தண்ணீரும் அத்தையுடையது. பேச்சு அதிகமாகிவிடவில்லை. "களிம்பு போட்டாச்சா?" "போட்டாச்சு." "காலு அசைக்குது." "ஆமா அத்தை, காலையிலயும் அசைச்சுச்சு." ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறும் நர்சுகள் மாதிரிதான் பேசிக்கொண்டோம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டதற்கு வெட்கப்பட்டார். வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது என்றார்.

அத்தை சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருப்பவர். அன்றைக்குக் கவிச்சி வாசனை வந்தாலே வாசலுக்குப் போய்விடுவார். அதனால் சனிக்கிழமைகளில் ஈரலை முற்றத்துக்கு வெளியே வைத்து நானே பார்த்துக்கொள்வேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை லேபில் கூட்டம். நான் வரத் தாமதமாகிவிட்டது. சந்துக்குள் நுழையும்போதே வீட்டிலிருந்து சத்தம்.

"ஏத்தா! ஓடியா! ஓடியா!"

செருப்போடு உள்ளே ஓடினேன். அத்தை டப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று. அதன் நுனியில் ஈரல் துணுக்கு. குளித்து நெற்றியில் நாமம் இட்டு, விரதத்தோடு இருந்த கோலம்.

"பாரு, பாரு, ஒரு கண்ணு தெறந்திருக்கு. என்னையவே பாக்குது."

பார்த்தேன். வலது கண் ஒரு கீற்றளவு திறந்திருந்தது. உள்ளே ஈரமாக, கறுப்பாக ஒரு புள்ளி. அத்தை ஈர்க்கைத் தண்ணீருக்குள் மெல்ல அசைத்தார். துட்டு கழுத்தை நீட்டியது. யோசித்தது. டக்கென்று கவ்வியது. விழுங்கியது.

"தின்னுருச்சு!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். கட்டிலிலிருந்து முருகேசன், "என்னாச்சு, என்னாச்சு, யாராச்சும் சொல்லுங்களேன்" என்று புலம்பினார். அவரைக் கவனிக்க ஆளில்லை.

அத்தை இன்னொரு துணுக்கைக் குத்தினார். "அத்தை, இன்னைக்கு சனிக்கிழமை" என்றேன்.

"தெரியும். நானா திங்கிறேன்?"

சித்தியின் கேள்வி

துட்டு தேறியது. இரண்டாவது கண்ணும் திறந்தது. இப்போது அத்தையின் கால் சத்தம் கேட்டாலே நீந்தி வந்தது. என் சத்தத்துக்கு வரவில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

முருகேசனைப் பார்க்க ஊரிலிருந்து அவர் சித்தி வந்திருந்தார். முற்றத்துக்குப் போனவர் பதறிக்கொண்டு திரும்பினார். "என்னக்கா இது, வீட்டுக்குள்ள ஆமை கெடக்கு? உருப்படுமா?"

நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றது.

"கெடந்தா கெடந்துட்டுப் போகுது" என்றார் அத்தை. "நானும் சொன்னவதான். எம் மகன் வீட்டுக்கு ரெண்டு வந்துச்சு. ஒண்ணு அஞ்சாறு வருசம் முன்னாடி, இன்னொன்னு இப்ப. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வீடும் நல்லாத்தான் இருக்கு. நீ காப்பியக் குடி."

சித்திக்குப் புரிந்ததோ என்னவோ. எனக்குப் புரிந்தது. நான் கேட்க வேண்டும் என்றே சொன்னாரா, கேட்காது என்று நினைத்துச் சொன்னாரா என்பதை இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

எவர்சில்வர் தொட்டி

மாவுக்கட்டு பிரித்து, முருகேசன் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். அத்தைக்கு ஊரில் வெங்காயம் பிடுங்குகிற நேரம். கிளம்புவதற்கு முந்தின நாள், "செத்த நேரத்துல வாரேன்" என்று கடைவீதிக்குப் போனவர், திரும்பும்போது தலையில் ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டியைக் கவிழ்த்துத் தூக்கி வந்தார்.

"பிளாஸ்டிக்கு வேணாம். இதுல விடு. வளரும்ல?" என்றார்.

வளர்ந்தது. பிறகு பல வருஷம் எங்களோடு இருந்து, சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்து, அந்தத் தொட்டிக்கே அடங்காமல் நாங்கள் படாத பாடு பட்டதெல்லாம் தனிக் கதை.

தொட்டியைக் கழுவத் திருப்பினேன். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. வெயிலில் சாய்த்துப் படித்தேன். 'அக்கினேசு' என்று இருந்தது.

"யாரு பேரு அத்தை இது?"

"ஒம் பேருதான்" என்றார், பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே. "மருமகளுக்குக் குடுக்குற பாத்திரத்துல பேரு வெட்டாமக் குடுப்பாகளா? பொங்கலுக்கு ஊருக்கு வருவீகள்ல, அப்ப இருக்கு குடமும் அண்டாவும். அதுலயும் வெட்டணும்."

முருகேசன் கம்பை ஊன்றி வந்து எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "ஆத்தா, இவ பேரு ஆக்னஸ். கடைக்காரன் தப்பா வெட்டிட்டான். கொண்டு போய் மாத்திட்டு வரட்டா?"

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் சரியாத்தாம்ப்பா சொன்னேன். ஒரு தடவைக்கு நாலு தடவ சொன்னேன்."

"என்னன்னு சொன்னீக?" என்று கேட்டேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அக்கி... னேசு."

"சரியாத்தான் சொல்லியிருக்கீக அத்தை" என்றேன்.